நியூ ஜெர்சி வீட்டு வரி: டவுன்ஷிப்பைக் கேட்பதா, மாநிலத்தைக் கேட்பதா?

ஜெர்சிவாசி:

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் உள்ள ஒரு டவுன்ஷிப்பில், அதாவது தனி மன்றம் உள்ள ஓர் ஊராட்சியில், ஒன்பது ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் வீட்டில் ஒரு செங்கல்லைக்கூடக் கூட்டிக் கட்டவில்லை. வாங்கியபோது வரிக்கணக்கில் இருந்த மதிப்பீடும் அப்படியே இருக்கிறது. ஆனால் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று நான்கு தவணைகளில் கட்டும் தொகை மட்டும் ஆண்டு தவறாமல் ஏறுகிறது.

காரணம் கேட்கலாமென்று சென்ற மாதம் டவுன்ஷிப் மன்றக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே சொன்ன பதில் இதுதான்: வரிச் சீட்டை அனுப்புவதும் பணத்தை வாங்குவதும் தாங்கள்தான் என்றாலும், அதில் பெரும்பகுதி பள்ளிக்கும், பல ஊர்கள் சேர்ந்த கவுண்டிக்கும் போய்விடுகிறது, பள்ளிக்கான உதவித்தொகையைக் குறைத்தது மாநிலம், ஆகவே மாநிலத் தலைநகரான டிரென்டனில் போய்க் கேளுங்கள். சரியென்று எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதினேன். சொத்து வரி முழுக்க உள்ளூர் விவகாரம், மாநிலம் அதில் ஒரு சென்ட்கூட எடுத்துக்கொள்வதில்லை, போதாததற்கு ஆண்டுக்கு 2 சதவீதம் என்ற உச்சவரம்பையும் மாநிலமே விதித்திருக்கிறது என்று அங்கிருந்து பதில் வந்தது. பந்து இரண்டு பக்கமும் உதைபடுகிறது. நான் நடுவில் நிற்கிறேன்.

டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர், 2023இல் தன் வரி கணிசமாகக் குறைந்ததாகச் சொல்கிறார். கலிபோர்னியாவில் இருக்கும் கல்லூரி நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவதைப்போல மூன்று மடங்கு தான் கட்டுவதாகப் புலம்புகிறார். இரண்டும் ஒரே அளவு வீடுகள். உள்ளூர் வரி என்றால் மாநிலத்துக்கு மாநிலம் இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? 2 சதவீத உச்சவரம்பு இருக்கும்போது என் சீட்டு 4 சதவீதம் ஏறியது எப்படி? அத்துடன், அடுத்த ஆண்டு ஊர் முழுவதும் மறுமதிப்பீடு, அதாவது எல்லா வீடுகளின் மதிப்பையும் புதிதாகக் கணக்கிடுவது, நடக்கப்போகிறது என்று கடிதம் வந்திருக்கிறது. இதையும் பயப்பட வேண்டிய பட்டியலில் சேர்க்க வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய கணக்கர்:

நண்பருக்கு வணக்கம். இதே மாநிலத்தில் ஓர் ஊராட்சி நிதி அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்களுக்குக் கிடைத்த இரண்டு பதில்களும் பொய்யல்ல. ஒவ்வொன்றும் பாதியை மட்டும் சொல்கிறது.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் டவுன்ஷிப், கவுண்டி, பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பான பள்ளி மாவட்டம் ஆகிய எதற்கும் தனக்கென்று பிறவியிலேயே வந்த வரி விதிக்கும் உரிமை கிடையாது. மாநிலம் கொடுத்த அதிகாரத்தைத்தான் அவை பயன்படுத்துகின்றன. 1868இல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் ஒரு தீர்ப்பில் வகுத்த இந்தக் கருத்து இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1907இல் பிட்ஸ்பர்க் தொடர்பான வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் உள்ளாட்சிகள் மாநிலத்தின் படைப்புகளே என்று கூறிவிட்டது. பிற்பாடு பல மாநிலங்கள் உள்ளாட்சிகளுக்குத் தன்னாட்சி உரிமை அளித்தன என்றாலும், வரி என்று வரும்போது கடிவாளத்தை யாரும் முழுதாக விட்டுவிடவில்லை. எதை வரிக்கு உட்படுத்தலாம், யாருக்கு விலக்கு, மதிப்பை எப்படிக் கணக்கிடுவது, மேல்முறையீடு எங்கே, ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பவை எல்லாம் மாநிலச் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆகவே மாநிலம் ஒரு சென்ட்கூட எடுத்துக்கொள்வதில்லை என்பது உண்மையாக இருக்கும்போதே, உங்கள் சீட்டில் அதன் கை படாத வரி ஒன்றுகூட இல்லை என்பதும் உண்மைதான்.

அடுத்து, உச்சவரம்பு. 2010இல் கிறிஸ் கிறிஸ்டி ஆளுநராக இருந்தபோது கொண்டுவரப்பட்ட சட்டம் அது. அதற்கு முன்பு 4 சதவீத வரம்பு இருந்தது. இந்த 2 சதவீதம் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் திரட்டும் மொத்த வரித்தொகைக்கு உரியது, தனிப்பட்ட வீட்டின் சீட்டுக்கு உரியதன்று. பத்திரிகைகளிலேயே இதைக் குழப்பி எழுதுகிறார்கள். அந்த மொத்தத் தொகையிலும் கடன் தவணை, ஓய்வூதியப் பங்களிப்பில் ஏறிய பகுதி, ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் ஏறிய பகுதி, பேரிடர்ச் செலவு ஆகியவை வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் வேகமாக ஏறிய ஆண்டுகளில் இந்த விலக்குகள் வழியாகவே நிறையத் தொகை உள்ளே வந்துவிடும். ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டத்தையும் அதற்கு ஊர் கட்ட வேண்டிய பங்கையும் தீர்மானிப்பது டிரென்டன். காவலர் ஊதியத் தகராறு எந்த விதியின்படி நடுவர் முன் போக வேண்டும் என்பதும் மாநிலச் சட்டம்தான். நடுவர் அளிக்கும் ஊதிய உயர்வுக்கும் 2 சதவீத வரம்பு ஒன்று சில ஆண்டுகள் இருந்தது. 2017 முடிவில் அது காலாவதியாகிவிட்டது. வருவாய்க்கு வரம்பு நீடிக்கிறது, செலவின் ஒரு பகுதிக்கு இருந்த வரம்பு போய்விட்டது. அலுவலகத்தில் பட்ஜெட் எழுத உட்கார்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை விவரித்தால் இந்தத் திரி போதாது.

பெரிய விஷயம் பள்ளி. நியூ ஜெர்சியில் மாநில அளவில் சொத்து வரியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு பள்ளிகளுக்குப் போகிறது. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் மாநிலம் எவ்வளவு தர வேண்டும் என்பதை 2008ஆம் ஆண்டின் பள்ளி நிதிச் சட்டம் ஒரு சூத்திரத்தால் கணக்கிடுகிறது. முதலில், உங்கள் மாவட்டத்து மாணவர்களுக்கு இவ்வளவு செலவாகும் என்று ஒரு தொகை வருகிறது. பிறகு, உங்கள் ஊர் தானாகவே எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடுகிறார்கள். இதில் பாதி ஊரின் மொத்தச் சொத்து மதிப்பிலிருந்தும் மறுபாதி ஊர்மக்களின் வருமானத்திலிருந்தும் வருகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் மாநிலத்தின் உதவி. ஆகவே உங்கள் ஊரில் வீட்டு விலை ஏறினால், நல்ல சம்பளக்காரர்கள் குடிவந்தால், சூத்திரத்தின் பார்வையில் ஊருக்குத் தாங்கும் சக்தி கூடிவிட்டது என்று பொருள், உதவி குறையும். நீங்கள் வீட்டை விற்காமலும் சம்பளம் கூடாமலும் அதே இடத்தில் இருந்தாலும் அக்கம்பக்கத்தின் செழிப்புக்கு நீங்களும் சேர்ந்து கட்டுவீர்கள். 2018இல் கொண்டுவந்த திருத்தம், சூத்திரத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த மாவட்டங்களின் உதவியை ஏழு ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்தது. உங்கள் மன்றத்தார் சொன்னது பெரும்பாலும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மறுமதிப்பீட்டைக் கண்டு இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே முதலில் தீர்மானிக்கப்படுவது திரட்ட வேண்டிய தொகை. அதை ஊரின் மொத்த மதிப்பால் வகுத்து வருவதே விகிதம். ஊரின் மொத்த மதிப்பு 200 கோடி டாலர், திரட்ட வேண்டியது 5 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம்: விகிதம் 2.5 சதவீதம், 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 12,500 டாலர் வரி. மறுமதிப்பீட்டில் ஊரின் மதிப்பு 400 கோடியாகிறது, தேவை அதே 5 கோடிதான் என்றால் விகிதம் 1.25 சதவீதமாக இறங்கிவிடும். உங்கள் 5 லட்சம் வீடு 9 லட்சம் ஆனால் வரி 11,250ஆகக் குறையும். 12 லட்சம் ஆனால் 15,000ஆக ஏறும். ஊரின் சராசரியைவிட உங்கள் தெரு வேகமாக ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. ஊர்கள் ஆண்டுக்கணக்கில் மறுமதிப்பீட்டைத் தள்ளிப்போட்டால், கவுண்டி வரி வாரியமும் மாநில வரித்துறையும் வற்புறுத்தி நடத்தவைக்கும். அதுவும் மாநிலத்தின் கைதான்.

கொன்றைப்பூ:

நான் டெக்சாஸில் இருக்கிறேன். ஜெர்சிவாசி ஐயாவின் மைத்துனருக்கு 2023இல் என்ன நடந்தது என்பதை என்னால் சொல்ல முடியும். என் வீட்டிலும் அதுவே நடந்தது.

இங்கே மாநில வருமான வரி கிடையாது. மாநில அரசு சொத்து வரி விதிப்பதையும் மாநில அரசியல் சட்டமே தடை செய்கிறது. எனவே நகரம், கவுண்டி, பள்ளி மாவட்டம், கல்லூரி மாவட்டம் என்று பலரும் தனித்தனியாக வரி போடுகிறார்கள். புதிய குடியிருப்புகளில் குடிநீர், வடிகாலுக்கென்று அமைந்த பயன்பாட்டு மாவட்டம் வேறு. மதிப்பிடும் வேலையை மட்டும் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இவர்கள் அனைவரிடமிருந்தும் எடுத்து, ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு மதிப்பீட்டு மாவட்டம் என்று மாநிலம் தனியே வைத்துவிட்டது. அதற்கு முன்பு ஒரே வீட்டுக்கு நகரம் ஒரு மதிப்பும் பள்ளி வேறொரு மதிப்பும் போட்ட காலம் இருந்தது. அந்த மதிப்பீட்டு மாவட்டங்கள் சந்தை மதிப்பைவிடக் குறைத்துப் போடுகின்றனவா என்பதை மாநிலக் கணக்காயர் அலுவலகம் தானே ஓர் ஆய்வு நடத்திச் சரிபார்க்கிறது. ஒரு மாவட்டம் நெடுகக் குறைத்து மதிப்பிட்டது தெரியவந்தால் அங்குள்ள பள்ளிக்கான மாநில நிதி குறையக்கூடும். ஆகவே உள்ளூரில் இரக்கம் காட்டவும் அவர்களுக்கு முழுச் சுதந்திரம் இல்லை.

2023இல் மாநிலக் கருவூலத்தில் பெரிய உபரி இருந்தது. அதைக்கொண்டு இரண்டு காரியங்கள் செய்தார்கள். குடியிருக்கும் சொந்த வீட்டுக்குப் பள்ளி வரி கணக்கிடும்போது வீட்டின் மதிப்பிலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையை 40,000 டாலரிலிருந்து 100,000 டாலராக உயர்த்தினார்கள். அவ்வாண்டு நவம்பரில் வாக்காளர்கள் அதை ஏற்றார்கள். 2025 நவம்பரில் அது மீண்டும் 140,000 ஆனது. அதோடு பள்ளி மாவட்டங்களின் விகிதத்தையும் கீழே அழுத்தி, குறைந்த வருவாயை மாநிலத்தின் விற்பனை வரிப் பணம் உள்ளிட்டவற்றால் ஈடுகட்டினார்கள். பழைய கணக்கர் ஐயா கூறியதோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும்: நியூ ஜெர்சி, ஏற்றாதே என்று ஊருக்குச் சொன்னது, டெக்சாஸ் அந்த முறை குறைத்துக்கொள், மீதியை நான் தருகிறேன் என்றது. இங்கேயும் வெறுமனே ஏற்றாதே என்ற சட்டம் உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகரங்களும் கவுண்டிகளும் பழைய சொத்துகளிலிருந்து திரட்டும் தொகையை, அன்றாடச் செலவுகளுக்கு, 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். அதற்கு முன்பு அந்த அளவு 8 சதவீதம். இந்தச் சட்டத்தால் எங்கள் வீட்டுச் சீட்டில் தெரிந்த மாற்றம் மிகச் சிறியது.

மைத்துனரிடம் இதையும் சொல்லிவையுங்கள். அந்தக் கழிவு பள்ளிப் பகுதிக்கு மட்டும்தான். நகர, கவுண்டி வரிகள் தம் போக்கில் ஏறும். குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற காப்பும் உண்டு; வாடகைக்கு விட்டிருந்தால் இந்த இரண்டும் கிடையாது. வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இதில் நேராக எதுவும் இல்லை. உரிமையாளர் வாடகையைக் குறைத்தார் என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஒரு தீர்ப்பைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு காலத்தில் பள்ளி மாவட்டங்களின் அன்றாடச் செலவுக்கான வரி விகிதத்துக்கு 100 டாலருக்கு 1.50 டாலர் என்று மாநிலம் வரம்பு வைத்திருந்தது. பெரும்பாலான மாவட்டங்கள் அந்த வரம்பிலோ அதை ஒட்டியோ முட்டிக்கொண்டு நின்றன. மாநிலம் கேட்கும் தரத்தைக் கொடுக்க அதற்குக் கீழே இறங்கவும் முடியாது, மேலே ஏறவும் கூடாது. 2005இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், உள்ளூருக்குத் தேர்வே இல்லாதபோது இது பெயரளவில்தான் உள்ளூர் வரி, உண்மையில் அரசியல் சட்டம் தடுத்திருக்கும் மாநிலச் சொத்து வரியே என்று தீர்ப்பளித்தது. உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு இதை அனுப்பிவைக்கலாம்.

விரிகுடாவாசி:

கலிபோர்னியா நண்பரின் புலம்பலுக்கு நான் பதில் சொல்கிறேன். நானும் அவரைப் போன்ற புலம்பல்காரன்தான்.

1978 ஜூனில் இங்கே வாக்காளர்கள் 13ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். வீட்டு விலைகள் எகிறி, வரி கட்ட முடியாமல் முதியவர்கள் தவித்த காலம் அது. ஹோவர்டு ஜார்விஸ், பால் கேன் என்ற இருவர் முன்னின்று நடத்திய இயக்கம். அடிப்படை விகிதம் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பு 1975ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப வேண்டும். அதன் பிறகு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போதுதான் சந்தை மதிப்பு கணக்கில் வரும். எனவே 1985இல் வாங்கியவரும் 2021இல் வாங்கியவரும் ஒரே மாதிரி வீட்டுக்குப் பல மடங்கு வேறுபட்ட வரி கட்டுகிறார்கள். இது சமத்துவத்துக்கு எதிரானது என்று ஒரு பெண்மணி தொடுத்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 1992இல் தள்ளுபடியானது.

பலர் கவனிக்காத பகுதி இதற்குப் பின்னால் வருகிறது. விகிதம் 1 சதவீதத்தில் கட்டப்பட்டதும், அந்த ஒரு சதவீதத்தை நகரம், கவுண்டி, பள்ளி, சிறப்பு மாவட்டங்கள் இடையே யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. அதைப் பிரிக்கும் பொறுப்பு மாநிலத்துக்குப் போயிற்று. 1979இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஏறக்குறைய 13ஆம் முன்மொழிவுக்கு முன் யார் எந்த விகிதத்தில் வாங்கினார்களோ அதையே நிலைப்படுத்தினார்கள். அன்று குறைவாக வரி போட்டுச் சிக்கனமாக இருந்த நகரம் இன்றும் சிறிய பங்கையே வாங்குகிறது. அன்றைய சிக்கனத்துக்கான தண்டனை நாற்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் தொடர்கிறது. 1990களின் தொடக்கத்தில் மாநில பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தபோது, நகரங்களும் கவுண்டிகளும் வாங்கிக்கொண்டிருந்த சொத்து வரியில் ஒரு பகுதியைப் பள்ளிகளுக்கென்று ஒரு நிதிக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளிக்குத் தான் தர வேண்டியதை அந்த அளவுக்கு மாநிலம் மிச்சப்படுத்திக்கொண்டது. நகரங்கள் கொதித்தன. 2004இல் இனி அப்படிச் செய்வதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை வாக்காளர்களிடம் வாங்கித்தான் ஓரளவு ஆறின.

வரியை இறக்கும்போது அதிகாரமும் சேர்ந்து மேலே போய்விடுகிறது என்பதை நான் இங்கே வந்த பிறகே புரிந்துகொண்டேன். எங்கள் நகரமன்றத்தில் சொத்து வரி விகிதம் பற்றி விவாதமே நடப்பதில்லை. விவாதிக்க எதுவும் இல்லை.

ஜெர்சிவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் படித்தேன். ஏறிய தொகையில் முக்கால் பங்கு பள்ளிப் பகுதியிலேயே இருக்கிறது. டவுன்ஷிப்பின் பகுதி மிகக் கொஞ்சமாகவே ஏறியிருக்கிறது. மன்றத்தாரிடம் குரலை உயர்த்திப் பேசியதற்கு இப்போது சற்று வெட்கமாக இருக்கிறது.

கொன்றைப்பூ அவர்கள் எழுதியதைப் படித்ததும் ஒரு கேள்வி. நியூ ஜெர்சியும் ஏங்கர் என்ற பெயரில், சொத்து வரிச் சுமையைத் தணிக்க, எங்களுக்கு ஆண்டுதோறும் பணம் தருகிறதே, அதுவும் மாநிலம் தாங்கிக்கொள்வதில் சேராதா? மேலும், பள்ளிச் செலவு முழுவதையும் மாநிலமே ஏற்றுக்கொண்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடாதா? கடைசியாக ஒன்று: எங்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு சொத்து வரியே கட்டுவதில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். அது எப்படி முடியும்?

ஏரிக்கரை:

நடுவில் உள்ள கேள்விக்கு மட்டும் மிச்சிகனிலிருந்து பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்பதை எங்கள் மாநிலம் பெருமளவு செய்து பார்த்துவிட்டது.

1993 மார்ச்சில் கல்காஸ்கா என்ற சிற்றூரின் பள்ளிகள் பணமில்லாமல் கல்வியாண்டு முடிவதற்கு முன்பே மூடப்பட்டன. கூடுதல் வரிக்கு ஊர்மக்கள் வாக்களிக்க மறுத்ததே காரணம். அதே ஆண்டுக் கோடையில் மாநிலச் சட்டமன்றம், பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கான உள்ளூர்ச் சொத்து வரியையே ஒழித்தது. மாற்று ஏற்பாடு எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் செய்த காரியம் அது. பிறகு 1994 மார்ச்சில் வாக்காளர்கள் முன் வைக்கப்பட்ட ‘ஏ’ முன்மொழிவின்படி விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாயிற்று. மதிப்பில் 1,000 டாலருக்கு 6 டாலர் என்று மாநிலமே ஒரு கல்விச் சொத்து வரி போட்டது. வரி மதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது பணவீக்கம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. வீடு விற்கும்போது அந்தக் கட்டு அவிழும். ஒவ்வொரு மாணவனுக்கும் இவ்வளவு என்று மாநிலம் பள்ளிகளுக்குத் தருகிறது.

வீட்டு வரி குறைந்தது, ஏழை மாவட்டங்களுக்கு முன்பைவிட அதிகம் கிடைத்தது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் விற்பனை வரியும் வருமான வரியும் பொருளாதாரத்தோடு ஏறி இறங்குபவை. பொருளாதாரம் சரிந்த 2009ஆம் ஆண்டில் மாநிலத்தின் வரவு சுருங்கி, மாணவனுக்கான தொகை நடு ஆண்டில் வெட்டப்பட்டபோது, எங்கள் பள்ளிகளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கூடுதல் வரி கட்டுகிறோம் என்று முன்வந்த ஊர்களுக்குக்கூடச் சட்டத்தில் வழி ஏறக்குறைய இல்லை. கட்டடம் கட்ட வாக்கெடுப்பு நடத்திக் கடன் வாங்கலாம், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க அந்த வழி திறந்திருக்காது. புத்தம்புதிய விளையாட்டரங்கமும் நாற்பது பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்த வகுப்பறையும் ஒரே வளாகத்தில் இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொத்து வரியை எல்லாரும் வெறுக்கிறோம். ஆனால் கெட்ட காலத்திலும் அவ்வளவாகச் சுருங்காத வரி அது ஒன்றுதான்.

பழைய கணக்கர்:

ஏரிக்கரை அவர்கள் சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் பாதிக்கு மேல் உள்ளூரில் என்ற எங்கள் ஏற்பாட்டுக்கும் முழுவதும் மாநிலத்தில் என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றிப் பேசத்தான் டிரென்டனில் ஆளில்லை.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1973இல் ராபின்சன் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், பள்ளிகளைச் சொத்து வரியின் தோளிலேயே ஏற்றிவைக்கும் முறை மாநில அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்றது. சட்டமன்றம் இழுத்தடித்ததால் 1976 ஜூலையில் நீதிமன்ற ஆணையால் மாநிலத்தின் பொதுப்பள்ளிகளுக்குப் பூட்டு விழுந்தது. சில நாட்களிலேயே மாநில வருமான வரி பிறந்தது. அந்த வருமான வரிப் பணம் சொத்து வரியைக் குறைப்பதற்கே பயன்பட வேண்டும் என்று அரசியல் சட்டத்திலும் எழுதிவைத்தார்கள். பள்ளி உதவி, நகராட்சி உதவி, ஏங்கர் எல்லாம் அந்தத் தலைப்பின் கீழ்தான் போகின்றன.

ஆனால் ஏங்கர் உங்கள் ஊர் திரட்டும் தொகையில் ஒரு டாலரைக்கூடக் குறைப்பதில்லை. வருமானம் 150,000 டாலர் வரை உள்ள வீட்டுக்காரருக்கு 1,500, அதற்கு மேல் 250,000 வரை 1,000, வாடகைதாரருக்கு 450 என்ற அளவில் தொடங்கிய திட்டம் அது. உங்கள் வருமான வரியிலிருந்து எடுத்ததை உங்களுக்கே காசோலையாக அனுப்புகிறார்கள், அனுப்புபவரின் பெயரையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்கிறீர்கள். அதே பணம் சூத்திரத்தின் வழியாகப் பள்ளிக்குப் போயிருந்தால் சீட்டிலேயே குறைந்திருக்கும். யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றியிருக்காது. ஒவ்வோர் ஆண்டும் மாநில பட்ஜெட்டில் நிதி ஒதுக்கினால்தான் அது வரும் என்பதையும் மறக்க வேண்டாம். இது என் சொந்தக் கருத்து. குறைந்த வருமானக்காரருக்கும் முதியவருக்கும் குறிபார்த்துத் தருவதற்குக் காசோலையே வசதி என்று வாதிடுபவர்களிடமும் நியாயம் உண்டு.

யாரிடம், எப்போது கேட்பது என்று தலைப்பிலேயே கேட்டிருக்கிறீர்கள். ஆளுநர் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ பட்ஜெட் உரை நிகழ்த்திய ஓரிரு நாட்களில் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்குமான உதவித்தொகை வெளியிடப்படும். சட்டமன்ற உறுப்பினருக்கு எழுத வேண்டியது அந்த வாரத்தில். ஜூன் 30க்குள் பட்ஜெட் முடிந்துவிடும், பிறகு எழுதினால் உங்களுக்கு வந்ததைப் போன்ற பதில்தான் வரும். பள்ளி வாரியத்தின் பட்ஜெட் பற்றிய பொது விசாரணை வசந்தத்தில் நடக்கும். அதற்குப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. முன்பு ஏப்ரலில் அந்த பட்ஜெட் வாக்கெடுப்புக்கு வந்துகொண்டிருந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டம், வாரியத் தேர்தலை நவம்பருக்கு மாற்றிக்கொள்ளும் மாவட்டங்களில், பட்ஜெட் 2 சதவீத வரம்புக்குள் இருந்தால் வாக்கெடுப்பே தேவையில்லை என்றாக்கிவிட்டது. மிகப் பெரும்பாலான மாவட்டங்கள் மாறிக்கொண்டன. உங்கள் வாக்குரிமையை எடுத்ததும் மாநிலச் சட்டம்தான், டவுன்ஷிப் அல்ல.

மதிப்பீட்டின்மேல் முறையீடு செய்வதானால் வழக்கமாக ஏப்ரல் 1க்குள் கவுண்டி வரி வாரியத்திடம் மனு போக வேண்டும்; மறுமதிப்பீடு நடக்கும் ஆண்டில் பெரும்பாலும் மே 1 வரை காலம் கிடைக்கும். வரி அதிகம் என்பது அங்கே வாதமாகாது. சந்தையில் வீட்டின் உண்மையான மதிப்பு இவ்வளவுதான் என்று அண்மை விற்பனைகளைக் காட்டி நிறுவ வேண்டும். மறுமதிப்பீடு நடக்காத ஆண்டில், மதிப்பீட்டுக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள விகிதம் ஊரின் சராசரி விகிதத்தைவிட 15 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால்தான் பொதுவாகத் திருத்தம் கிடைக்கும்.

அடுக்குமாடி விஷயம். வரியே கட்டுவதில்லை என்பது சரியல்ல. வரிக்குப் பதிலாக ஒப்பந்தப்படி ஒரு கட்டணம் கட்டுகிறார்கள். 1992ஆம் ஆண்டு மாநிலச் சட்டம், மறுவளர்ச்சிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் கட்டுபவருக்கு, கட்டி முடித்ததிலிருந்து 30 ஆண்டுகள் வரை இப்படிச் சலுகை தர ஊருக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்தக் கட்டணத்தில் 5 சதவீதம் கவுண்டிக்குப் போகும். மற்றது முழுவதும் டவுன்ஷிப்புக்கு. பள்ளிக்குப் பங்கு தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தானாக விரும்பித் தரும் ஊர்கள் மிகச் சில. அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள், அவர்களுக்கான செலவு உங்கள் சீட்டில் பள்ளிப் பகுதியில் ஏறும், டவுன்ஷிப் பகுதி ஏறாமல் அழகாகத் தெரியும். உங்கள் மன்றத்தார்மேல் வெட்கப்பட்டு விட்டுக்கொடுத்ததைக் கொஞ்சம் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தம் மன்றத்தில் உள்ளூர்ச் சட்டமாக நிறைவேற்றி ஏற்கப்பட்டிருக்க வேண்டும். டவுன்ஷிப் எழுத்தரிடம் பொது ஆவணமாகக் கேட்டால் நகல் தருவார். அதில் பள்ளிக்கு ஏதேனும் தொகை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்சிவாசி:

நகலுக்கு இன்று காலையே மனு எழுதிப் போட்டுவிட்டேன். வந்ததும் பள்ளிப் பங்கு பற்றிய பகுதியை மட்டும் இங்கே பதிவிடுகிறேன். கணக்கர் ஐயா அதைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும்.